ஏழுமலை எங்கேயும் போகவில்லை

செய்தியில் ஆங்கிலம் கலப்பதைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தாருங்கள், புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று பிரபு கேட்டான். உங்கள் டிவி செய்தி டெஸ்க்கின் தலைவனாக இன்று உங்களை விரட்டிக்கொண்டிருக்கும் அதே பிரபுதான். நாலு வார்த்தை கேட்டால் நாற்பது வார்த்தை சொல்கிறவள் நான் என்று பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். தெரிந்தும் கேட்டான், அனுபவிக்கட்டும். நீங்களும் அனுபவியுங்கள்.

பஸ்ஸைப் பேருந்து என்று எழுது, காபியைக் குளம்பி என்று எழுது என்று பிரம்பைத் தூக்கிக்கொண்டு வருவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் வரவில்லையப்பா. இன்று காலை மயிலாப்பூர் போய்விட்டு மந்தைவெளிக்கு ஆட்டோவில் திரும்பினேன். "மேடம், ஸ்ட்ரைட்டா போனா டைவர்ஷன் போட்டுக்கினு கீறாங்க, லெஃப்ட் எட்து யூ டர்ன் அட்ச்சி வுட்றேன், ஓகேவா?" என்றார் ஓட்டுநர். இதில் எதைத் திருத்துவது? சொன்னது எனக்குப் புரிந்தது, வீட்டு வாசலில் பத்திரமாக இறக்கியும் விட்டார்.

நம் அரசியல்வாதிகளையும் எனக்குப் பிடிக்கும், சிரிக்காதீர்கள். ஒருவர் மேடையில் ஏறி, தமிழுக்காக உயிரையே தருவேன் என்று தொண்டை நரம்பு புடைக்க முழங்குவார். இறங்கி வந்ததும் நம் நிருபரின் தோளில் கை போட்டு, கேமராவில் தான் பேசிய துண்டைப் பற்றி, "தம்பி, பைட் கிளியரா வந்துச்சா? லைட்டிங் ஓகேவா? ப்ரைம் டைம்ல போட்ருவீங்கல்ல?" என்பார். அவர் உயிர் தமிழில்தான் இருக்கிறது, வேலை ஆங்கிலத்தில் இருக்கிறது. நம் டெஸ்க் மட்டும் என்ன வாழ்கிறதாம்? "பிரேக்கிங்கை ஹோல்டு பண்ணு, ஃபிளாஷ் அடி, பைட்டை ஏத்து" என்று நானும்தான் முப்பது வருஷம் கத்தினேன். அந்தப் பாஷையில்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதன் மேல் எனக்குக் கோபமே கிடையாது.

எனக்குக் கோபம் வேறொன்றின் மேல். அதுவும் முக்கால்வாசி என் மேலேயேதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் ஊர்வலத்தில் தள்ளுமுள்ளு. அதிகாரிகள் தரப்பிலிருந்து வந்த குறிப்பில் 'மைல்டு லத்தி சார்ஜ்' என்று இருந்தது. நான் சமர்த்தாக 'லேசான தடியடி' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கத்தவில்லை, திட்டவில்லை. மாவுக்கட்டுப் போட்ட வலது கையை என் மேஜை மேல் மெதுவாகத் தூக்கி வைத்தார். "இதான் மேடம் நீங்க எழுதின லேசு" என்றார். ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். லேசு என்பது அடித்தவர்கள் சொன்னது. நானே பார்த்த மாதிரி எழுதிவிட்டேன் என்று அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். புரிந்தது, ஆனால் மறந்துபோனது. வேலை ஓட ஓட எல்லாம் மறந்துபோகும். அதனால்தான் ஏழுமலை விஷயத்தில் மறுபடியும் குப்புற விழுந்தேன்.

ஏழுமலை பந்தல் கான்ட்ராக்டர். மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் கல்யாணமோ கருமாதியோ கோயில் உற்சவமோ, கீற்றுப் பந்தலும் ஷாமியானாவும் மர மேடையும் அவர் ஆட்கள்தான் போடுவார்கள். அப்போது எனக்கு அவரைத் தெரியாது. அவர் போட்ட பந்தல்களின் கீழ் எத்தனையோ முறை சாப்பிட்டிருப்பேன், அவ்வளவுதான்.

ஒரு சித்திரை மாதம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. தி.நகரில் ஒரு கட்சியினர் நீர்மோர்ப் பந்தல் திறந்தார்கள். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எல்லாக் கட்சியும்தான் மோர் ஊற்றுகிறது. பந்தலை ஒட்டி ஒரு சின்ன மர மேடை. தலைவர் ஏறி, ரிப்பன் வெட்டி, முதல் டம்ளர் மோரை ஒரு பாட்டியம்மாளுக்குக் கொடுக்க வேண்டும். பத்துப் பேர் நிற்பதற்காகப் போட்ட மேடை. தலைவர் டம்ளரை நீட்டினார் பாருங்கள், போட்டோவில் முகம் தெரிய வேண்டும் என்று வட்டம், பகுதி, இளைஞர் அணி, மகளிர் அணி என்று நாற்பது பேர் ஏறிவிட்டார்கள். மேடை ஒரு பக்கமாக உட்கார்ந்தது. தலைவருக்கு ஒன்றுமில்லை, வெள்ளைச் சட்டையெல்லாம் மோர். ஆறு பேருக்குக் காயம். அதில் ஏழுமலையின் ஆள் ஒருவர் மேடைக்குக் கீழே முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது.

அடையாறில் எங்கள் அலுவலகத்தில் அன்று பகல் ஷிஃப்டுக்கு நான்தான் பொறுப்பு. எல்லா சேனலும் அதே மோர்ப் பந்தலைத்தான் காட்டுகிறது. யார் முந்துவது என்று ஒரே பரபரப்பு. அந்த நேரத்தில் டெஸ்க்கின் வாட்ஸ்அப்பில் அடுத்தடுத்து இரண்டு தகவல் வந்தன.

முதலில் வந்தது தமிழில், அந்தப் பகுதிக் கட்சிக்காரர் ஒருவர் பேசிய ஒலிப்பதிவு. "மேடைய சரியா கட்டல சார், கான்ட்ராக்டர்தான் பொறுப்பு" என்றார். பிரபு அதைக் கேட்டு, 'மேடை சரியாகக் கட்டப்படவில்லை என்று கட்சியினர் குற்றச்சாட்டு' என்று எழுதினான். அருமையாக எழுதினான். யார் சொன்னது என்பது அதிலேயே இருக்கிறது.

இரண்டு நிமிஷத்தில் இரண்டாவது தகவல் வந்தது, ஆங்கிலத்தில் ஒரே வரி. 'ஸ்டேஜ் கான்ட்ராக்டர் ஏழுமலை அப்ஸ்காண்டிங், போலீஸ் ஆன் லுக்அவுட்.' கூடவே ஒரு படம். அவருடைய விசிட்டிங் கார்டிலிருந்து எடுத்தது போலிருந்தது. நெற்றியில் சந்தனம், முகம் நிறைய சிரிப்பு.

"அக்கா, இங்கிலீஷ்ல வந்திருக்கு" என்றான் பிரபு.

"போடு" என்றேன்.

அவன் சொன்னதும் அவ்வளவுதான், நான் சொன்னதும் அவ்வளவுதான். இந்த இரண்டு வரியை மறுபடியும் ஒரு தடவை படியுங்கள், பிள்ளைகளே. யார் அனுப்பியது என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் இருந்ததால் அது காவல்துறையிலிருந்துதான் வந்திருக்கும் என்று இரண்டு பேருமே தானாக நம்பிவிட்டோம். இது நம் தொழிலுக்கே உரிய வியாதி. தமிழில் ஒருவர் சொன்னால், 'என்று குற்றம் சாட்டினார்', 'என்று கூறப்படுகிறது' என்று நாலு முட்டுக் கொடுப்போம். அதையே ஆங்கிலத்தில் சொன்னால் அப்படியே தூக்கி வைத்துவிடுவோம். அரை நிமிஷத்தில் திரையின் அடியில் சிவப்புப் பட்டையில் ஓட ஆரம்பித்தது: 'மேடை சரிந்த விபத்து: கான்ட்ராக்டர் ஏழுமலை அப்ஸ்காண்டிங்.' மேலே அந்தச் சிரித்த முகம். நாங்கள்தான் முதல். மற்ற சேனல்கள் எங்களைப் பார்த்துத்தான் போட்டன. அறையில் யாரோ கை கூடத் தட்டினார்கள்.

டெஸ்க்கில் ஒரு லேண்ட்லைன் இருந்தது, இப்போது எடுத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. ராசிபலன் எத்தனை மணிக்கு, நேற்றைய சமையல் நிகழ்ச்சியில் எத்தனை மிளகாய் சொன்னார்கள் என்று கேட்பதற்குத்தான் அதில் ஆள் வரும். யாரும் எடுக்க மாட்டோம். அன்று நான் மோர்சாத டப்பாவைத் திறக்கிற நேரத்தில் அது அடித்துக்கொண்டே இருந்தது. ஓய்கிறதாக இல்லை. எரிச்சலில்தான் எடுத்தேன்.

"அலோ, டிவியா? ஏழுமல சம்சாரம் தனம் பேசறேன். இன்னாம்மா போட்டுக்கினு கீறீங்க எங்க வூட்டுக்காரர பத்தி?"

நான் இதமாகத்தான் ஆரம்பித்தேன். "அம்மா, போலீஸ் சொன்னதைத்தான்..."

"எந்த போலீஸு? மனுசன் எங்கயும் போவலம்மா! ஆஸ்பத்திரில, கால் ஒட்ஞ்ச பையன் பக்கத்துல குந்திக்கினு கீறாரு. ஆம்புலன்ஸ்ல அவன் தலைய மடில வச்சி இட்டாந்ததே அவர்தான். இங்க வார்டு டிவில பாத்தா அவரு போட்டோவ போட்டு இன்னாமோ இங்கிலீஷ் வார்த்தைய ஓட்டிக்கினு கீறீங்க. எய்த்து கூட்டி பட்ச்சேன், இன்னான்னு புரியல. பையன இட்டாந்ததுக்கு ஏதோ அவார்டு குடுக்கறாங்கன்னு நென்ச்சேன். பக்கத்து பெட்டு பொண்ணுதான் சொல்லிச்சி, ஓடிப்பூட்டாருன்னு போட்டுக்கினு கீறாங்கன்னு."

சாதத்தில் வைத்த கையை எடுத்துவிட்டேன். முப்பது வருஷத்தில் என்னென்னவோ வசவு வாங்கியிருக்கிறேன், எதுவும் இப்படிச் சுட்டதில்லை. ஒரு மனிதன் மேல் பழி போட்டோம், அதையும் அவன் வீட்டுக்காரிக்குப் புரியாத வார்த்தையில் போட்டோம். தன் மேல் என்ன பழி என்று இன்னொருவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமைக்கு அவர்களைக் கொண்டுபோய் வைத்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

"தனம், அவர்கிட்ட போனைக் குடுங்க."

"எப்டிம்மா குடுக்கறது? என் தம்பி வந்து கீறான். வெளிய பைக்க ஸ்டார்ட் பண்ணி வச்சிக்கினு, வா மாமா, ஆந்திரா பார்டர் தாண்டி சூளூர்பேட்டைக்கு பூடலாம்னு இஸ்துக்கினு கீறான். இவரும் எந்திரிச்சிட்டாரு."

பின்னால் அந்தத் தம்பியின் குரல் எனக்கே கேட்டது. "ஊருக்கே நீ ஓடிட்டன்னு சொல்லியாச்சி மாமா. இனிமே நீ இர்ந்தா இன்னா, ஓடனா இன்னா?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. ஓடாத மனிதனை ஓடினான் என்று சொன்னோம். அந்த வார்த்தையே இப்போது அவரைக் கிளப்பி விடுகிறது. அவர் பைக்கில் ஏறிவிட்டால் நாங்கள் சொன்னது உண்மையாகிவிடும். பிறகு கட்சியில் ஒருத்தன் மேல் கூட ஒரு தூசு விழாது, நாற்பது பேர் ஏறியதை யாரும் பேச மாட்டார்கள். ஓடியவன்தானே குற்றவாளி!

"ஏழுமலை, நான் டிவியிலேர்ந்து பேசறேன், ஒரே ஒரு நிமிஷம்" என்று போனில் கத்தினேன். தனம் கொண்டுபோய் அவர் காதில் வைத்தார் போலிருக்கிறது. மூச்சு இரைக்கும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க மேடம்."

"நாங்க போட்டது தப்பு. அதை மாத்தப் போறேன். அரை மணி நேரம் அங்கேயே இருங்க."

"இர்ந்தா புட்ச்சி உள்ள வச்சிடுவாங்களா?"

நல்ல வார்த்தையாக ஏதாவது சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஒன்றும் ஆகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே ஒரு பொய்யைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், இரண்டாவதற்குத் தைரியம் வரவில்லை.

"போலீஸ் என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா நீங்க இப்ப கிளம்பினா நாங்க சொன்ன பொய் நிஜமாயிடும். அது மட்டும் நல்லாத் தெரியும்."

"பையனுக்கு இன்னும் மாவுக்கட்டே போடல மேடம். எங்க போறது நான்?" என்றார். உட்கார்ந்துவிட்டார் என்று குரலிலேயே தெரிந்தது. "அரமணி நேரம்னு சொன்னீங்க. பாக்கறேன்" என்றும் சொன்னார்.

முதல் வேலையாக அந்த வரியை எடுக்கச் சொன்னேன். அதற்கு இரண்டு பொத்தான் போதும். பிரபு முகம் வெளுத்துப் போய் உட்கார்ந்திருந்தான். "அக்கா, நான்தானே..." என்று ஆரம்பித்தான். "அழுவறதுன்னா ஆறு மணிக்கு மேல அழு. இப்போ அந்த மெசேஜை யார் அனுப்பினாங்கன்னு பாரு" என்றேன். பார்த்தான். அந்த எண் எங்களிடம் பெயரோடு இருந்தது. அனுப்பியவர் அந்தக் கட்சியின் ஊடகப் பிரிவுக்காரர். தமிழில் பேசியவரும் அவர்கள் ஆள், ஆங்கிலத்தில் எழுதியவரும் அவர்கள் ஆள். ஒரே வாய்தான் இரண்டு பாஷையில் பேசியிருக்கிறது.

தனம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது, இல்லையா? ஒரு குழியிலிருந்து ஏறி அடுத்த குழியில் விழுகிறவளா நான்? தி.நகரில் இருந்த எங்கள் நிருபரை ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னேன். நானே காவல் நிலையத்துக்குப் போன் போட்டேன். இன்ஸ்பெக்டர் தெரிந்தவர்.

"சார், ஏழுமலை அப்ஸ்காண்டிங்னு நீங்க சொன்னீங்களா?"

"நாங்க இன்னும் எஃப்.ஐ.ஆரே போடலியே மேடம்! உங்க டிவியைப் பாத்துத்தான் ஆளு ஓடிட்டான்னு எங்களுக்கே தெரியும். தேடறதுக்கு ரெண்டு பேரை இப்பத்தான் அனுப்பினேன்."

கேட்டீர்களா கூத்தை! போலீஸ் சொன்னது என்று நாங்கள் போட்டோம், டிவி சொன்னது என்று போலீஸ் கிளம்பிவிட்டது. சொன்னவன் மோர்க்கறையைத் துடைத்துக்கொண்டு எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான்.

இதற்குள் எங்கள் நிர்வாக ஆசிரியர் அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். நல்ல மனிதர், என்னை விடப் பெரியவர், கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பார். நடந்ததைச் சொன்னேன்.

"அதான் எடுத்தாச்சே, விடுங்க."

"எடுத்தா போதாது சார். மத்த சேனல்ல இன்னும் ஓடிட்டிருக்கு. நாமதான் ஆரம்பிச்சோம். தப்புன்னு நாமதான் சொல்லணும்."

"டிவில எங்கம்மா திருத்தம் போடறாங்க? எடுத்துட்டா முடிஞ்சுது, யாருக்கு ஞாபகம் இருக்கப் போவுது? சாயங்காலம் அவங்க தலைவர் நம்ம ஸ்டுடியோவுக்கு இன்டர்வியூவுக்கு வரார். இப்பத்தான் போன் பண்ணாங்க, அந்த அப்ஸ்காண்டிங்கை ஏன் எடுத்தீங்கன்னு."

"ஏன் எடுத்தேன்னு அவங்களுக்கு என்ன சார் கவலை?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்போது நிருபரிடமிருந்து படம் வந்தது. ஆஸ்பத்திரி வார்டு, கட்டிலில் கால் வீங்கிய பையன், பக்கத்து ஸ்டூலில் ஏழுமலை. சட்டையில் மோரும் ரத்தமும் சேர்ந்து காய்ந்திருந்தன. விசிட்டிங் கார்டில் சிரித்த அதே முகம்தான், ஆனால் பத்து வயது கூடிப்போயிருந்தது. முகத்தைக் காட்டலாமா என்று அவரிடமே கேள் என்று நிருபருக்குச் சொன்னேன். "பொய்க்கி காட்னாங்க, நெசத்துக்கும் காட்டட்டுமே" என்றாராம்.

ஷிஃப்ட் பொறுப்பாளர் என்கிற முறையில் அந்தச் சிவப்புப் பட்டை என் கையில் இருந்தது. நானே தட்டச்சு செய்தேன். 'கான்ட்ராக்டர் ஏழுமலை தலைமறைவு என்று நாங்கள் சொன்னது தவறு. காயமடைந்த தொழிலாளியுடன் அவர் மருத்துவமனையிலேயே இருக்கிறார். வருந்துகிறோம்.' தப்பை எத்தனை நேரம் ஓட்டினோமோ அத்தனை நேரம் இதையும் ஓட்டினேன். அதே நிறம், அதே அளவு எழுத்து. தனம் படிக்கக்கூடிய தமிழ்.

லேண்ட்லைன் மறுபடியும் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். "நேத்து வத்தக் குழம்புல வெல்லம் போடச் சொன்னாளா, வேண்டாம்னாளா?" என்று ஒரு மாமி கேட்டார். "போடுங்கோ மாமி, நன்னா போடுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அறையே சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பையனுக்கு மாவுக்கட்டுப் போட்டு முடித்த பிறகு, நாலு மணி வாக்கில் ஏழுமலை காவல் நிலையத்துக்குப் போனார். மச்சினனின் அதே பைக்கில்தான் போனார், எதிர்த் திசையில். எங்கள் நிருபர் கூடவே போனார். "ஸ்டேசனுக்கு வழி தெரியுமா?" என்று அவர் கேட்டதற்கு, "இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? ஆயுத பூஜைக்கி அங்க பந்தலே நான்தான் போடறேன்" என்றாராம். அவ்வளவு நெருக்கடியிலும் அந்த மனிதருக்கு அந்தக் குசும்பு போகவில்லை.

நிருபர் போனில் தகவல் சொன்னதும் பிரபு தட்டச்சு செய்ய ஆரம்பித்தான். 'காவல் நிலையத்தில் கான்ட்ராக்டர் சர...' பழக்கம் பாருங்கள், கை தானாக 'சரண்டர்' என்று போகிறது. ஓடினவன்தானே சரணடைய வேண்டும்? நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கை நின்றுவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தான். "அக்கா, சரண்டர்னு யாரும் சொல்லலையே?" என்று கேட்டான். அழித்துவிட்டு, 'விசாரணைக்கு நேரில் வந்தார்' என்று அடித்தான். அன்று அந்தப் பயலைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவன் இன்றைக்கு உங்கள் தலைவனாக உட்கார்ந்திருக்கிறான் என்றால், அந்த நாற்காலியை அந்த நிமிஷத்தில்தான் சம்பாதித்தான் என்பது என் கட்சி.

மோர் குடிக்க வந்த யாரோ செல்போனில் எடுத்த வீடியோ மறுநாள் வெளியே வந்தது. நாற்பது பேர் மேடையில் ஏறுவதும், கீழே நின்று ஏழுமலை, "எறங்குங்க சார், தாங்காது சார், எறங்குங்க" என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்துவதும் அதில் தெளிவாக இருந்தது. அதற்கப்புறமும் அவரை நாலைந்து தடவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள், அலைந்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டதும் போனார். அந்தத் தலைவர் எங்கள் பேட்டிக்கு வரவில்லை. அதனால் எங்களுக்கு ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை.

எனக்கு ஒரு மெமோ வந்தது. அதுவும் ஆங்கிலத்தில்தான்: 'எரர் ஆஃப் ஜட்ஜ்மென்ட்'. நிர்வாக ஆசிரியரே கையில் கொண்டுவந்து கொடுத்தார், கூடவே கேன்டீன் காபியும். "சார், இதுல எது எரர்? முதல்ல போட்டதா, அப்புறம் போட்டதா?" என்று கேட்டேன். "ரெண்டையும் சேத்து வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனார். அந்த மெமோ இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

ஆகவே, ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எழுதுங்கள், கலந்து எழுதுங்கள், ஊர் பேசுகிற மாதிரி எழுதுங்கள். 'அன்ஆத்தரைஸ்டு', அனுமதியில்லாதது என்று ஒரு வீட்டைப் பற்றி வந்தாலும், 'ஃபிரிஞ்ச் எலிமென்ட்ஸ்', விஷமிகள் என்று ஒரு கூட்டத்தைப் பற்றி வந்தாலும், யார் சொன்னது என்று ஒரு தடவை கேளுங்கள். யாரைப் பற்றிச் சொன்னார்களோ அவருக்கு அது புரியுமா என்று இன்னொரு தடவை கேளுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு போன் போடுகிற நேரம்தான் ஆகும். அந்த நேரத்தில் மற்ற சேனல் முந்திவிடும். முந்தட்டும், விடுங்கள்.

ஓய்வு பெற்று நான் வீட்டில் உட்கார்ந்து நாலு வருஷமாகிறது. டெஸ்க்கிலிருந்து யாரும் அதிகமாகப் போன் செய்வதில்லை, உங்கள் வேலை அப்படி. தவறாமல் போன் செய்கிறவர் ஒருவர்தான். அந்தச் சித்திரையில் ஆரம்பித்தது, இன்று வரை நிற்கவில்லை. ஊரை விட்டு ஒரு நாள் வெளியே போவதாக இருந்தாலும் ஏழுமலை எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போவார். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு, இதெல்லாம் எனக்கு எதற்கு, வேண்டாம் ஏழுமலை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

போன வாரமும் கூப்பிட்டார்.

"மேடம், ஏழுமல பேசறேன். நாளிக்கி நானும் தனமும் திருப்பதி போறோம். புதங்கெழம காலைல வந்துருவோம். போன் ஆன்லதான் இருக்கும்."

"நல்லபடியா போயிட்டு வாங்க ஏழுமலை."

"சரி மேடம்" என்றார். வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, சிரிக்கிற மாதிரிதான் கேட்டார்:

"டிவில ஒண்ணியும் போட்ற மாட்டாங்களே?"